கீழே நின்றவர்கள்

சென்ற மார்கழியில் நண்பர்கள் ஐவர் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். மலையேறுமுன் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லைக் கண்டோம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுப்பிய கல். வீழ்ந்த வீரன் கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதில் இருக்கிறது.

அன்றிரவு ஜமுனாமரத்தூரில் குளிர்காய்ந்தபடி போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுடன் வந்திருந்த நண்பரின் தந்தை, 1971இல் ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் பாய்லர் அறையில் பணிபுரிந்தவர். அதன் தலைவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் அப்போருக்காக மகாவீர் சக்கரம் பெற்றவர். "அவர் அச்சமே அறியாதவரோ?" என்று கேட்டோம்.

"அச்சம் இல்லாமலா தம்பி? நாலு பாய்லரில் ஒன்றில் விரிசல். அதோடுதான் போருக்குப் போனோம்" என்றார் அவர்.

விமானம் மேலெழ, கப்பல் காற்றை எதிர்த்து விரைய வேண்டும். விமானத்தை உந்தித் தள்ளும் கருவிக்கும் அதே நீராவிதான். கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைவர், நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், குறையுள்ள அக்கப்பலை நம்பி வங்கக் கடலுக்கு அனுப்பினார். டிசம்பர் 4 அன்று சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. மேல்தளத்தில் நின்ற தலைவரின் துணிவு, கீழே வெக்கையில் நின்றவர்கள்மீது அவர் வைத்த நம்பிக்கையே என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்நம்பிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. 1942இல் மிட்வே போரில் ஜப்பானின் ஹிர்யூ கப்பலோடு அதன் தலைவர் தோமியோ காக்கு மூழ்கினார். வரலாறு அவரை நினைவில் வைத்தது. இயந்திர அறையினரோ இறந்துவிட்டதாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டனர். அவர்களிற் சிலர் தாமாகவே வெளியேறிப் படகில் தத்தளித்து, எதிரியான அமெரிக்கரால் மீட்கப்பட்டனர்.

விக்ராந்த் 1997இல் ஓய்வுபெற்றது. மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக நின்று, 2014இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அதைச் சொல்லிவிட்டு நண்பரின் தந்தை நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலில் கண்ட கல்லில் ஒரு நாய்க்கும் பெயர் இருந்ததை நினைத்துக்கொண்டோம். பாய்லர் அறையில் உடன் நின்றவர்களின் பெயர்களை அவரிடம் கேட்டோம். ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். விறகு அணையும்வரை அந்த வரிசை முடியவில்லை.