சீட்டுக்குக் கீழே ஒருதரம் பார்ப்போம்



நம்மூர் வாலிபர்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கின் பழைய ஈயப் பெட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் பெட்டரி போடுகிறார்கள். பாரம் பாதிகூட இல்லை. சீட்டுக்குக் கீழே மிஞ்சும் இடத்தில், எஞ்சினுக்குப் போகும் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் டியூனிங் பொக்ஸும் ஏறிவிடுகிறது. வயசு ஆசை, நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் இரவில் அந்த பைக் நிற்பது நம் வீட்டு விறாந்தையில், பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில். அதனால் மூன்று விஷயம் பார்ப்போம்.

1. பொக்ஸுக்குப் போகும் பிளஸ் வயரில், பெட்டரிக்குக் கிட்டவே பியூஸ் இருக்க வேண்டும். ஓ.எல். விஞ்ஞானத்தில் நாம் படித்த அதே பியூஸ்தான். சீட் அழுத்தி வயர் தேய்ந்து இரும்பில் பட்டால், எரிவது பியூஸாக இருக்கட்டும்.

2. எஞ்சின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை சரி. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். லித்தியம் அதைத் தாங்காது.

3. சின்னப் பெட்டரி பழைய இடத்தில் ஆடும். இறுக்கிக் கட்டுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில்.

பைக் வாங்கிக் கொடுத்த வாப்பாமாரே, இன்று அஸருக்குப் பிறகு மகனோடு சேர்ந்து சீட்டைத் திறந்து பாருங்கள். ஏசாமல் பாருங்கள்.