மழையின் சஞ்சாரம்

ஆங்கிலத்தில் 'வேகரீஸ்' என்றொரு சொல் உண்டு. பெரும்பாலும் பன்மை உருவிலேயே வழங்கும் அது, அதிருஷ்டம், சீதோஷ்ணம் முதலிய நம் கணக்குக்கு அடங்காதவற்றின் எதிர்பாராத மாறுதல்களைக் குறிப்பது. பூகோளப் பாடத்தில் பருவமழையோடு சேர்த்து அதை முதலில் படித்த நாளிலிருந்து எனக்கு அதன்மீது ஒரு தனிப் பிரியம். அலைந்து திரிதலைக் குறிக்கும் லத்தீன் வினையடியிலிருந்து பிறந்தமையால், அது மழையின்மீது துர்க்குணம் எதையும் ஏற்றாமல், மழை சஞ்சரிக்கிறது என்று மட்டும் சொல்கிறது; சஞ்சரிப்பதற்கோ ஒரு வழித்தடம் இருக்கும், அதைத் தேடவும் இயலும்.

அப்படித் தேடியவர்களின் சரித்திரம் மகத்தானது. 1875-இல் இந்திய வானிலை இலாகா ஸ்தாபிதமாயிற்று; அதன் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயத்துப் பனியின் அளவைக்கொண்டு 1886-இல் பருவமழையை முன்னறிந்து கூற முற்பட்டார்; 1904-இல் பொறுப்பேற்ற கணித நிபுணர் கில்பர்ட் வாக்கர், இந்துமகா சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறியிறங்குவதைக் கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். ஆயினும் 1997-இல், இவ்வலைவோடு பிணைந்து பருவமழையைக் குறைக்க வல்ல கடல்வெப்ப ஏற்றமான எல் நினோ பசிபிக்கில் உக்கிரமாயிருந்தும் இந்தியாவில் மழை வழக்கம்போலவே பெய்தது. 2002-இல் அது அத்தனை வலுவின்றி இருந்தும், ஜூலை மாதத்து மழை ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. தடம் உண்டென்பதும், அது முழுதும் நம் கைக்கு எட்டாதென்பதும், இரண்டுமே உண்மை.

எனவே, க்ஷாமத்துக்கெல்லாம் மழையின் 'வேகரீஸ்'தான் காரணம் என்று எழுதி அமைதி காண்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னை ராஜதானியில் 1876 முதல் 1878 வரை லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டபோது, மழை பொய்த்தது மெய்தான். ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்ததும் மெய்யே. மழை அலையும் இயல்பினது என்பதை அறிந்தே நம் முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டிக் கரை கட்டினர். மழையின் அலைச்சலுக்கு அச்சொல் மிகவும் பொருத்தமானது. அவ்வலைச்சலை முன்பே அறிந்திருந்தும் ஆயத்தம் செய்யாத மனிதரின் அசிரத்தைக்கு அச்சொல்லைப் பிரயோகிப்பது தர்மமாகாது.