ஆள் பார்த்து அடிக்கும் புரதம்

பதுளை ஆஸ்பத்திரி. வாய் நோய் கிளினிக். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார் அந்த அம்மா. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் கிளினிக் கொப்பியைச் சுருட்டுகின்றன, விரிக்கின்றன, மறுபடி சுருட்டுகின்றன. பக்கத்தில் மகள்.

"வாயத் தொறங்கம்மா."

இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. வருடக்கணக்காகப் பாக்கு மென்றால் கன்னத்தின் உட்சதை நார் நாராக இறுகிவிடும், தாடை விரியாது. டோர்ச் வெளிச்சத்தில் இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைப் படலம், நடுவே சிவந்த புண். துளி சதை வெட்டிச் சிறு போத்தலில் இடுகிறார் டொக்டர்.

"வெத்தல போடுவீங்களா?"

"போடாம மலையில நிக்க ஏலாதுங்க. பசியும் தெரியாது, குளிரும் தெரியாது."

இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்று. தோட்டத்துப் பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிக்கை வெளியிட்டது. உறுதியானால் கத்தி, கதிர். கதிருக்கு நல்ல கலமும் ஒன்றுதான், கெட்ட கலமும் ஒன்றுதான். எச்சில் வற்றும், சோறு இறங்காது.

தரம் பிரிக்கத் தெரிந்த ஒன்று இருக்கிறது. அது கிடைத்தது கோழிக்குஞ்சுகளைச் சோகையில் வீழ்த்தும் வைரஸில். 1979இல் ஜப்பானில் பிரித்தெடுத்த வைரஸ் அது. அதன் புரதங்களில் ஒன்று அப்போப்டின். 121 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு சரம். நெதர்லாந்தின் லெய்டனில் நோட்டபோர்ன் குழுவினர் 1997இல் காட்டியது வியப்பானது. நல்ல மனிதக் கலத்தில் இந்தப் புரதம் கருவுக்கு வெளியிலேயே தங்கிவிடுகிறது, கலம் பிழைக்கிறது. புற்றுக் கலத்திலோ கருவுக்குள் நுழைகிறது. கலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. புற்றுக் கலத்தில் மிகையாக வேலை செய்யும் நொதிகள் அப்போப்டினின் 108ஆம் அமினோ அமிலத்தில் ஒரு பொஸ்பேட்டை ஒட்டுவதும் இதற்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. பல புற்றுகளில் பழுதாகிக் கிடக்கும் பி53 மரபணுவின் தயவும் இதற்குத் தேவையில்லை. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக் கலங்களிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

சில ஆய்வுகளில் நல்ல கலங்களும் அடி வாங்கியிருக்கின்றன. கட்டிக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பெரும்பாடு. இன்றுவரை அது மருந்தாகவில்லை. ஆகட்டும், ஆக வேண்டும். அதுவரை இந்த டோர்ச் வெளிச்சம் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு, லயம் லயமாகப் போயாக வேண்டும். வெள்ளைப் படலமாக இருக்கும்போதே கண்டால் பல வாய்களைக் காப்பாற்றிவிடலாம்.

டொக்டர் கொப்பியில் அடுத்த திகதியை எழுதுகிறார்.

"ஒங்க லயத்துல வேற யாரு வெத்தல போடுறது?"

"எல்லாருந்தான்," என்கிறாள் மகள்.

"அடுத்த தடவ அவங்களையும் கூட்டிட்டு வாங்க. புண்ணு வரட்டும்னு இருக்க வேணாம்."

"வருவாங்க டொக்டர். ஆனா கிளினிக் வந்தா அன்னைக்குப் பேர் விழாதுங்களே, சம்பளம் போயிருமே."