ரெண்டு டயமண்ட்

"சார், நான் ரெண்டு டயமண்ட் சொன்னா நீங்க பாஸ் மட்டும் பண்ணிடாதீங்க!" என்று ஒருநாள் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"யாருக்கு ரெண்டு டயமண்ட்?"

"சீட்டாட்டம், தாயே!"

"அதானே பார்த்தேன். முப்பது வருஷமா ஒரு மூக்குத்திக் கல்லுக்கு வழியக் காணோம்!" கரண்டி மறுபடி பேச ஆரம்பித்தது.

சார் என்பவர் ஆபீசில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். லஞ்ச் நேரத்தில் எனக்கு பிரிட்ஜ் கற்றுக்கொடுத்தவர். இருவரும் ரிட்டயரான பிறகும் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஜோடி. அவருக்கு வயது 78.

பிரிட்ஜில் ஆட்டத்துக்கு முன்னால் ஏலம். கையில் இருப்பதை ஏலத்தின் மூலம்தான் ஜோடிக்குச் சொல்ல வேண்டும். கண்ணடிக்கக் கூடாது, கனைக்கக் கூடாது. ஏஸுக்கு 4 பாயிண்ட், ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1. சீட்டுக்கட்டு முழுக்க 40.

1969-ல் இங்கிலாந்தில் டெரன்ஸ் ரீஸ், ஜெரமி ஃபிளின்ட் என்ற இரண்டு கில்லாடிகள் ஒரு வேலை செய்தார்கள். '2 டயமண்ட்' என்று ஏலம் கேட்டால் டயமண்ட் இருக்கிறது என்று அர்த்தமில்லை! ஹார்ட்டிலோ இஸ்பேடிலோ ஆறு சீட்டு வைத்துக்கொண்டு, பாயிண்ட் பத்துக்குள் இருக்கும் ஏழைக் கையாக இருக்கலாம். அல்லது இருபதுக்கு மேல் பாயிண்ட் வைத்திருக்கும் பணக்காரக் கையாகவும் இருக்கலாம். ஏழையும் பணக்காரனும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்தால் எதிராளிக்கு யாரென்று எப்படித் தெரியும்? இதற்குப் பெயர் 'மல்ட்டி'. ஒரே நிபந்தனை, ஜோடிக்கு அது ஞாபகம் இருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய் என் கையில் ஆறு இஸ்பேட், எட்டு பாயிண்ட். 2 டயமண்ட் அட்டையை எடுத்து வைத்தேன். மல்ட்டி என்றால் சார் உடனே எதிராளிகளை எச்சரிக்க வேண்டும். பேசாமல் இருந்தார்.

என் இடதுபக்கத்து அம்மாள் அவரிடம், "அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"பலவீனமான கை. டயமண்ட் ஆறு" என்றார் சார், நிதானமாக.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாயைத் திறக்க முடியாது. ஏலம் முடியும் வரை ஜோடியின் தப்பைத் திருத்தக் கூடாது என்பது சட்டம். அம்மாள் பாஸ். சார் பாஸ். எதிர்த்தரப்பு இளைஞரும் பாஸ்.

ஏலம் முடிந்துவிட்டது. இப்போது, முதல் சீட்டு விழுவதற்குள், டைரக்டரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வது என் கடமை. சொல்லாவிட்டால்? எதிராளிகள் ஏமாந்து எனக்கு ஒரு பிடி கூடுதலாகக் கிடைக்கலாம். அது பெரிதில்லை. சொன்னால், சாருக்கு மறதி வந்துவிட்டது என்று பத்து மேஜைக்கும் தெரிந்துவிடும். ஆட்டம் கற்றுக்கொடுத்தவரை நானே காட்டிக்கொடுப்பதா?

கையைத் தூக்கினேன். டைரக்டர் வந்தார். "சார் சொன்ன விளக்கம் சரியில்லை. எங்க ஒப்பந்தப்படி இது மல்ட்டி" என்றேன். சாரின் முகத்தைப் பார்க்கவில்லை. டைரக்டர் அந்த இளைஞரிடம், "வேணும்னா உங்க பாஸை மாத்திக்கலாம்" என்றார். அவர் புன்சிரிப்போடு மறுத்துவிட்டார். அந்தச் சிரிப்பின் காரணம் சார் சீட்டை விரித்ததும் புரிந்தது. இஸ்பேட் மூன்று, பதினைந்து பாயிண்ட்! 4 இஸ்பேட் ஜம்மென்று ஆடி 420 வாங்கியிருக்கலாம். டயமண்டோ அவரிடம் இரண்டு, என்னிடம் இரண்டு. நாலு பிடி குறைந்து 200 தண்டம் அழுதோம்.

ஆட்டோவில் திரும்பும்போது சார் பேசவே இல்லை. அவர் வீட்டு வாசலில் இறங்கினோம்.

"மன்னிச்சுக்கணும் சார்..."

"எதுக்கு? நீ மட்டும் சொல்லாம இருந்திருந்தா அடுத்த செவ்வாய்லேருந்து வேற ஆளைத் தேடியிருப்பேன்." கேட்டைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார். "அந்த ரெண்டு டயமண்டை எடுத்துடலாம்ப்பா. இப்பல்லாம் ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் நிக்குது."

எடுத்துவிட்டோம். இப்போது நாங்கள் இஸ்பேட் என்றால் இஸ்பேட்தான். எதிராளிகளுக்கு ஏக நிம்மதி.

"அப்ப அந்த ரெண்டு டயமண்டும் போச்சா?" என்றாள் மனைவி.

"போச்சு. செவ்வாய்க்கிழமை இருக்கு" என்றேன்.