காலம் ஆடுகிறது

ஓசூர்ப் பட்டறைகளில் 'காலம்' என்றால் பொழுது அன்று. ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து கீழிறங்கும் தண்டையும், அதைத் தாங்கும் குழலையும் சேர்த்து அவ்வாறு சொல்வார்கள். 'காலம்' என்னும் ஆங்கிலச் சொல் நம் ஊர் நாக்கில் ஏறி அமர்ந்த கோலம் அது. சென்ற ஆண்டு ஒரு மாலையில் நண்பர் தொலைபேசியில், "காலம் ஆடுது சார், ஒரு எட்டு வாங்க" என்றபோது, தமிழ் முதுகலை பயின்று கல்லூரியில் யாப்பும் அணியும் நடத்திவரும் நமக்கு ஒரு கணம் மெய்சிலிர்த்தது. இவ்வளவு பெரிய வாக்கியத்தை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாரே என்று எண்ணினோம். போய்ப் பார்த்தபின்தான் ஆடியது எது என்று விளங்கியது.

நண்பர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், நம்மோடு தமிழ். நாம் அவரை 'அண்ணா' என்போம்; வயதில் இளையவராயினும் அவர் நம்மை 'சார்' என்பார். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, அத்திப்பள்ளிக்கு அப்பால் ஒரு கொட்டகையில் பாதியில் கைவிடப்பட்டுக் கிடந்த வண்டியொன்றை வாங்கி வந்தார். இரும்புக் குழாய்ச் சட்டகம், ஃபைபர் உடல், இருவர் மட்டும் அமரும் இருக்கை. 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் காரைப் பார்த்து எவரோ செய்த நகல்.

மூலமே பாகங்களாக விற்கப்பட்ட வண்டிதான். முழுக் காருக்கு வரி அதிகம் என்பதால், வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி கொடுத்தார்கள். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, உரையாசிரியர்களோடு பழகிய நமக்கு அம்முறை புதிதன்று.

நகல் வண்டியின் ஸ்டியரிங் ராக் மட்டும் சென்னையிலிருந்து வந்தது. 1961 முதல் சுமார் பத்தாண்டுகள் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இங்கே செய்த ஹெரால்டுக் காரினுடையது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் கார் என்று அதற்குப் பெயர். நம் பெரியப்பா ஒருவர் தெருமுனையில் அதை ஒரே வீச்சில் திருப்பிக் காட்டி, இறங்கி மீசையை நீவிக்கொள்வார்.

முதலில் முட்களைச் சரிசெய்தோம். சினம் வராத வேலை அது. பெட்ரோல் முள் எப்போதும் முழுமைக்குச் சற்று மேலே நின்றது. வெப்ப முள்ளும் இயந்திரம் சூடேறிய சில நிமிடங்களில் சிவப்பைத் தொட்டது. நாம் மிதவை கெட்டிருக்கும் என்றோம். அவர் தலையசைத்து, "ஒரு முள் பொய் சொன்னா மிதவை. ரெண்டும் சேர்ந்து பொய் சொன்னா, ரெண்டுக்கும் சோறு போடுறவனைப் பாக்கணும்" என்றார். சோறு போடுபவன் முகப்புப் பலகையின் பின்னால் தீப்பெட்டியளவில் இருந்தான். அக்காலத்து அளவிகளுக்கு மின்கலத்தின் ஏறி இறங்கும் அழுத்தத்தை அப்படியே தரமாட்டார்கள். நடுவில் ஒரு சிறு பெட்டி அதைச் சராசரி பத்து வோல்ட்டாக்கிக் கொடுக்கும். உள்ளே ஓர் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து இணைப்பை அறுக்கும், குளிர்ந்து மீண்டும் சேர்க்கும். அத்தகடு சூடேற வேண்டுமானால் அந்தப் பெட்டிக்கு 'எர்த்' வேண்டும். இரும்பு உடல் கொண்ட காரில் திருகி வைத்தாலே எர்த் கிடைத்துவிடும். இங்கே உடலோ ஃபைபர். மண்ணைத் தொடாத பெட்டி, வந்த மின்சாரத்தை வந்தபடியே இரு முட்களுக்கும் வாரி வழங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழம் கறுப்புக் கம்பியைப் பெட்டியிலிருந்து சட்டகத்துக்கு இழுத்துக் கட்டினோம். இரண்டு முட்களும் ஒருசேரத் தணிந்தன. பெட்ரோல் முள் கீழ்க்கோட்டுக்கே போய்விட்டது. இத்தனை நாள் ஏறக்குறைய வெறும் தொட்டியோடுதான் இருந்திருக்கிறோம்.

காலத்தின் கதை அவ்வளவு எளிதாக இல்லை.

சக்கரத்திலிருந்து வரும் தண்டு நேராக ராக்கை அடைவதில்லை. இயந்திரம் குறுக்கே நிற்பதால் இரண்டு மூட்டுகளில் வளைந்து செல்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் பெயரால் வழங்கும் மூட்டு வகை அது. கைக்கடிகாரத்துச் சுருள்வில்லைத் தாமே முதலில் கண்டதாக வழக்காடிய அதே ஹூக். டைட்டன் கடிகாரம் செய்யும் ஊரில் அவருக்கு ஒரு தெருப்பெயராவது வைத்திருக்கலாம். இம்மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. முப்பது பாகை வளைந்த ஒற்றை மூட்டில் மேல்தண்டு சீராகச் சுழன்றாலும் கீழ்த்தண்டு சீராகச் சுழலாது. ஒரு சுற்றில் இருமுறை ஏறத்தாழ 15 விழுக்காடு முந்தும். இருமுறை 13 விழுக்காடு பிந்தும். இரண்டு மூட்டுகளைச் சம கோணத்தில், இடைத்தண்டின் கவைகள் ஒரே தளத்தில் இருக்கும்படி வைத்தால், ஒன்றின் கோணலை மற்றது நேராக்கிவிடும். முன்பு பூட்டியவர் கவைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருந்தார். எனவே சக்கரம் கால்சுற்றுக்கொரு முறை இறுகி, இளகி, இறுகியது. கழற்றித் திருப்பிப் பூட்டியதும் இறுக்கம் போயிற்று. ஆட்டம் போகவில்லை.

ஆட்டத்தின் காரணம் கீழ்மூட்டில் இருந்தது. மூட்டு மாருதி 800இன் பாகம். ராக்கின் பினியன் தண்டு ஹெரால்டினுடையது. ஒன்றின் பல்வரி மற்றதில் பொருந்தாது. முன்னவர் நடுவே ஒரு குழல் செருகி போல்ட்டால் நெரித்திருந்தார். நண்பர் அதை எறிந்துவிட்டு, ஓர் இடைத்துண்டைக் கடைந்து இரண்டையும் வெல்டிங் செய்துவிட்டார். மீன்செதில் அடுக்கியதுபோன்ற வெல்டிங். பார்க்க அவ்வளவு அழகு. "ஞாயிற்றுக்கிழமை பேத்தியை உக்கார வச்சு ஒரு சுத்து" என்றார்.

நமக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. முள் பொய் சொன்னால் வழியில் நின்று வீட்டுக்கு நடந்து வரலாம். இந்தத் துண்டு விட்டால் சக்கரம் கையோடு சுற்றும், வண்டி தன் வழியில் போகும். "இதை யாராவது சோதித்தார்களா அண்ணா?" என்று கேட்டோம். அவர் முகம் மாறியது. "முப்பது வருஷம் வெல்டிங் பாத்தவன் சார் நான். தமிழ் வாத்தியார் எனக்கு இன்ஸ்பெக்ஷன் சொல்லித் தர வேணாம்."

செய்தவனே சோதிக்கக் கூடாது என்பது தொழிற்சாலையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் என்று நமக்குச் சொன்னவரே அவர்தாம். நம் விடைத்தாள் திருத்தும் முறையைக் கேலி செய்கையில் சொன்னது. அதை அவரிடமே திருப்பிச் சொன்னோம். சொல்லியிருக்க வேண்டாமோ என்று வீடு வரும்வரை தோன்றியது. மூன்று வாரம் பேச்சில்லை. இராமநாயக்கன் ஏரிக்கரையில் எதிர்ப்பட்டபோதும் மறுகரையைப் பார்த்தபடி போனார்.

பிறகு ஒரு நாள் அழைத்தார். பட்டறை மேசையில் அந்தத் துண்டு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு தெளிப்புக் குப்பிகள். துடைத்துச் சிவப்புச் சாயத்தை அடித்தார். பத்து நிமிடம் காத்திருந்து மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்தார். வெள்ளைப் பூச்சை மெல்லத் தெளித்தார். இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வெல்டிங் ஓரமாக, மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு ஊறி மேலெழுந்தது. ஒரு நகத்தளவு நீளம் இருக்கும். கூட்டுக்கலப்பு எஃகை முன்சூடு காட்டாமல் வெல்டிங் செய்தால், பக்கத்துக் குளிர்ந்த இரும்பு சூட்டைச் சட்டென்று உறிஞ்ச, ஓரம் விறைத்து நொறுங்கும் தன்மை பெற்றுவிடுமாம். "தெரிஞ்ச விஷயம்தான் சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நமக்கும் வென்றதாகத் தோன்றவில்லை. அந்தக் கோட்டைக் காணாமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தோம். உடனே பேத்தியின் நினைவு வந்தது.

இதன் பின்னர் நடந்ததற்கு ஓசூரில் வாழ்வதன் பயனை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வேறு ஊரில் மாதக்கணக்காகும் வேலை. இங்கே இரண்டு தெரு தள்ளி ஒரு வயர்கட் பட்டறை. ஈ.என்.24 எஃகுக் கட்டி ஒன்றிலிருந்து கவையை முழுசாகக் கடைந்து, உள்ளே ஹெரால்டின் பல்வரியை மின்பொறிக் கம்பியால் அறுத்துக் கொடுத்தார்கள். ஒட்டு இல்லை, வெல்டிங் இல்லை. அதை நண்பர் பூட்டவில்லை. முன்னாள் சகா ஒருவரை வரவழைத்து, அவர் போல்ட்டை முறுக்கி வண்ணக்கோடு இட்டபின்தான் தொட்டார்.

சாலைக்கு இந்த வண்டி வராது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டி உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் சொல்லிவிட்டது. தயாரிப்பாளரே இல்லாத வண்டிக்கு எந்த அமைப்பைக் காட்டுவது? டி.என்.70 என்ற எழுத்துகளை அது ஒருநாளும் அணியப்போவதில்லை. அதில் நமக்குக் குறையில்லை. ஒரு மயிரிழைக் கோட்டைப் பார்த்த கண்ணுக்குச் சட்டம் சற்று அதிகமாகவே புரிகிறது. பாகலூர்ச் சாலைப் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் வேலியிட்ட மாந்தோப்பு. அதனுள் தார் போட்ட பாதை உண்டு. அங்கேதான் ஓடியது.

முதல் சுற்றில் நாம் அமர்ந்தோம். அது நம் நிபந்தனை. பழம்பாட்டுகளில் தலைவன் பாகனைத் தேரை விரைந்து ஓட்டச் சொல்வான். நாமோ ஒவ்வொரு வளைவிலும் "மெதுவா அண்ணா" என்றோம். சக்கரத்தில் ஒரு விரல் ஆட்டமும் இல்லை. இரண்டாம் சுற்றில் பேத்தி ஏறினாள். முள்ளைச் சுட்டி, "தாத்தா, பெட்ரோல் கால்வாசிதான் இருக்கு" என்றாள்.

அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். மூடியைத் திறந்து, ஒரு மாங்குச்சியை ஒடித்து உள்ளே விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கால்வாசிதான் இருந்தது.