ஸ்கின் கலர்

சென்ற டிசம்பர் விடுமுறையில் அக்காவின் மகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் படித்துக் காட்டினேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. அக்காவின் குடும்பம் செகந்திராபாத்தில் இருக்கிறது. நான் ஹைதராபாத்தின் மறுகோடியில் ஆய்வு மாணவியர் விடுதியில் இருக்கிறேன். குழந்தைகளுக்கான படப்புத்தகங்களில் நிறமும் உடலும் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றன என்பது என் ஆய்வுப்பொருள். ஆகவே சித்தி வந்தால் பையில் ஒரு புத்தகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று நான் கொண்டுபோனது 'சுல்வே'. நடிகை லுபிடா நியாங்கோ எழுதி, வஷ்டி ஹாரிசன் படம் வரைந்து 2019இல் வெளிவந்தது. லுவோ மொழியில் சுல்வே என்றால் விண்மீன். வீட்டில் எல்லோரையும் விடக் கறுத்துப் பிறந்த சிறுமி அவள். சகோதரி செல்லுமிடமெல்லாம் கொஞ்சல், இவளுக்குப் பட்டப்பெயர்கள். அழிரப்பரை எடுத்துத் தன் தோலைத் தேய்த்துப் பார்க்கிறாள். வெளிர்நிற உணவுகளையே உண்டு பார்க்கிறாள். கடவுளிடம் வேண்டுகிறாள். பிறகு ஓர் இரவில், பகல் என்றும் இரவு என்றும் இரு சகோதரிகளின் கதையைக் கேட்டுத் தெளிகிறாள். கென்யாவில் வளர்ந்த நியாங்கோ, சிறுவயதில் விடிந்ததும் தன் நிறம் மாறியிருக்க வேண்டுமென்று இரவுதோறும் வேண்டிக்கொண்டதாக 2014இல் ஒரு மேடையில் கூறியவர். கதை அவருடைய சொந்தக் காயத்திலிருந்து வந்தது, படங்களும் பேரழகு. நான் தழுதழுத்தபடியேதான் படித்து முடித்தேன்.

குழந்தை கேட்டாள்: "சித்தி, கறுப்பா இருந்தா அழணுமா?"

பதில் சொல்வதற்குள் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்ப நானு?"

அன்று இரவு அடுக்களையில் அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "இத்தனை நாளா அவளுக்கு அது ஒரு விஷயமாவே இல்லடி. நீதான் கொண்டுவந்து குடுத்துட்டே."

ஆய்வேட்டின் முதல் இயலில், தன்னை ஏற்கக் கற்றுத்தரும் நூல்களின் சிறந்த எடுத்துக்காட்டாக நான் வைத்திருந்தது இந்தப் புத்தகத்தைத்தான். அக்காவின் ஒரு வாக்கியம் அந்த இயலை நாலு மாதம் நகரவிடாமல் செய்துவிட்டது.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆறுதல் என்பது காயம்பட்டவர்க்கு உரியது. காயமே இல்லாத இடத்தில் மருந்தைத் தடவினால், இங்கே ஏதோ குறை இருக்கிறது போலும் என்றுதான் குழந்தை எண்ணும். என்னை மேலும் உறுத்திய உண்மை ஒன்று உண்டு. அந்தப் புத்தகத்தை நான் அவளுக்காக வாங்கவில்லை. விருதுநகர்ப் பக்கத்துப் பள்ளியொன்றின் ஆண்டுவிழாவில், கும்மியாட்டத்தின் கடைசி வரிசையில் நின்ற ஒருத்திக்காக வாங்கியிருந்தேன். அன்று என் முகத்தில் பவுடரை அப்பியவர்கள் கழுத்தை மறந்துவிட்டார்கள். சாம்பல் பூத்த முகம் ஒருத்தியுடையதாகவும் கழுத்து இன்னொருத்தியுடையதாகவும் இருக்கும் அந்தப் புகைப்படம் அம்மாவின் பீரோவில் இன்றும் இருக்கிறது. பயத்தம்மாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துத் தேய்த்துவிட்ட அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவள் நிறமும் என் நிறம்தான். தான் பட்டதை மகள் படக்கூடாது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே.

ஆனால் அக்கா சொன்னது பாதி உண்மைதான் என்பதைப் பொங்கலுக்குப் போனபோது கண்டேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் குழந்தை வரைந்த படங்களைக் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்கள். அப்பா, அம்மா, சித்தி, நடுவில் அவள். நால்வர் முகத்திலும் ஒரே வெளிர் இளஞ்சிவப்பு. ஓரத்தில் தேதி போட்டிருந்தது. நான் புத்தகம் படித்துக் காட்டியதற்கு மூன்று மாதம் முந்தைய தேதி. "இது என்ன கலர்டா கண்ணா?" என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்ற பார்வையுடன் சொன்னாள்: "ஸ்கின் கலர், சித்தி."

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்ற பெயரில் விற்றுவந்த வண்ணக்குச்சியின் பெயரை 1962இல் 'பீச்' என்று மாற்றிக்கொண்டது. நம் ஊரில் கடைக்காரர் வாயிலும் ஆசிரியர் வாயிலும் அது இன்றும் ஸ்கின் கலர்தான். கறுத்தும் மாநிறமாகவும் இருக்கிற ஒரு தேசத்தில், எவருடைய தோல் அது என்று யாரும் கேட்பதில்லை. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயது வரையிலான அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடைசெய்தபோது அந்த ஆய்வும் மேற்கோளாயிற்று. இதை எத்தனையோ கருத்தரங்குகளில் எடுத்துரைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை மட்டும் பார்க்கத் தவறியிருக்கிறேன். என் புத்தகத்திற்கு முன்பே அந்த வீட்டிற்குள் ஒரு வண்ணக்குச்சி வந்துவிட்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் இருந்ததால் குழந்தைக்குத் தெரியாமல் போய்விடவில்லை.

எனில், அவளுக்கு எதைப் படித்துக் காட்டுவது?

கிரயோலா பெயர் மாற்றிய அதே 1962இல் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' வெளிவந்தது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்பு உடையணிந்து பனியில் விளையாடுகிறான், அவ்வளவுதான் கதை. அவனுடைய நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1940இல் 'லைஃப்' இதழில் வந்த ஒரு சிறுவனின் புகைப்படங்களைக் கத்தரித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கீட்ஸ் வைத்திருந்தார். பீட்டரின் முகம் அதிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. பாராட்டு மட்டும் வந்துவிடவில்லை. அமெரிக்கக் குழந்தை இலக்கியம் முழுக்க வெள்ளையர் உலகமாக இருப்பதை 1965இல் புள்ளிவிவரத்துடன் எழுதிய நான்சி லாரிக், இந்தப் புத்தகம் சிறுவனின் இனத்தைச் சொல்லாமலே விடுவதையும் குறிப்பிட்டார். சொன்னால் ஒரு குறை, சொல்லாவிட்டால் ஒரு குறை. லாரிக்கின் பக்கம் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆயினும் ஒரு குழந்தை தன்னைப் போன்ற ஒருவனைப் பனியில் சறுக்கிப் பார்ப்பதற்கு முன் அவனது அழுகையையே பார்க்க நேர்வது எனக்கு உவப்பாயில்லை.

இந்த நகரத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அன்வேஷி ஆய்வு மையம் 'டிஃபரண்ட் டேல்ஸ்' என்ற வரிசையில் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் குழந்தைகளுக்கான கதைகளைக் கொண்டுவந்தது. தலித், இஸ்லாமியக் குழந்தைகளின் வீடுகள் பாடநூல்களில் தென்படாத காலத்தில் வந்தவை அவை. முகமது கதீர் பாபு எழுதிய ஒன்று, ஒரு வீட்டில் ஆட்டுத்தலை வாங்கிச் சமைக்கும் கொண்டாட்டத்தைச் சொல்வது. உன் வீட்டுச் சாப்பாட்டுக்காக வெட்கப்படாதே என்று அது எவருக்கும் அறிவுரை கூறவில்லை. குழம்பு கொதிக்கிறது, வாசனை வருகிறது, வாசிக்கிறவருக்கு நாவூறுகிறது. அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

'சுல்வே'யை நான் தள்ளிவிடவில்லை. பட்டப்பெயர் சூட்டப்பட்டு வீடு திரும்பும் ஒரு பிள்ளைக்கு அன்றைக்குப் பீட்டரால் பயனில்லை; அழிரப்பரை எடுத்துத் தேய்க்கிறவள்தான் துணை. எனக்குப் பத்து வயதில் அவள் கிடைத்திருந்தால் என்று இப்போதும் ஏங்குகிறேன். ஆகவே அக்காவிடம் பேசி, அந்தப் புத்தகத்தை அவள் வீட்டு மேல் அலமாரியில் வைத்திருக்கிறோம். எப்போது எடுப்பது என்பதை இனி அக்காதான் முடிவு செய்வாள். என் முதல் இயலையும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறியாளருக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

சென்ற மாதம் 'தி ஸ்னோயி டே'யைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்துக் காட்டினேன். மறுநாளைக்கு வேண்டுமென்று பீட்டர் ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறான். இரவில் பார்த்தால் பை காலியாக இருக்கிறது. "எங்க போச்சு?" என்று கேட்டாள் குழந்தை. நீயே யோசி என்று சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு அக்கா அழைத்தாள். குழந்தை ஃப்ரீசரிலிருந்து நாலு ஐஸ்கட்டிகளை எடுத்துக் கவுன் பையில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாளாம், மெத்தையெல்லாம் ஈரமாம். "வந்து நீயே காயப்போடு" என்றாள்.