கையில் ஒன்று

உலகத்தில் கூட்டல் கணக்கைப் போல் எளிதான காரியம் வேறொன்றும் இல்லை என்பது பெரியவர்களுடைய துணிபு. பெருக்கல் என்றால் வாய்பாடு வேண்டும். வகுத்தல் என்றால் பொறுமை வேண்டும். பின்னம் என்றால் பூர்வ ஜன்மத்துப் புண்ணியமே வேண்டும். கூட்டலுக்கு மட்டும் பத்து விரல்கள் இருந்தால் போதுமாம். அந்தப் பத்து விரல்களும் போதாமற் போகும் இடத்தில்தான் உண்மையான கூட்டலே தொடங்குகிறது என்பதை, ஏழு வயதுக் குழந்தையின் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களே அறிவார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் நாம் அவ்விதம் உட்கார்ந்து பார்த்தோம். நமது தமையனாருடைய பேத்தி தன் தாயாருடன் நம் இல்லத்துக்கு வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு முடித்தவள். வரும்போதே தன்னைப் பற்றிய தீர்ப்பு ஒன்றையும் உடன் கொண்டுவந்திருந்தாள். “எனக்குக் கணக்கு வராது, தாத்தா” என்று, கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்லுகிற அதே சாதாரணக் குரலில் சொன்னாள். பள்ளியில் யாரோ அப்படிச் சொன்னார்களாம். வீட்டிலும் அதை ஆமோதித்துவிட்டார்கள். தாயாருக்கும் இளமையில் கணக்கு வரவில்லை என்பதால், இது பரம்பரைச் சொத்து என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும்! ஏழு வயதில் ஒரு ஜீவனுக்கு இப்படித் தீர்ப்பு எழுதிவிட்டால், அது மேல்முறையீடு செய்துகொள்ள எந்த நீதிமன்றத்தைத் தேடிப் போகும்?

அவளுடைய நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினோம். முதல் பன்னிரண்டு பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. 23-ம் 45-ம் 68. 31-ம் 52-ம் 83. எல்லாவற்றுக்கும் ‘சரி’ அடையாளம். பிறகு ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு மை வெள்ளமாகப் பெருகியிருந்தது. 27-ஐயும் 35-ஐயும் கூட்டி 512 என்று எழுதியிருந்தாள். 48-ம் 26-ம் 614 ஆகியிருந்தன.

இதைக் கவனக் குறைவு என்று சொல்லுவது தவறு. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, சரிதான். இரண்டும் மூன்றும் ஐந்து, அதுவும் சரிதான். இரண்டு சரியான விடைகளை அருகருகே எழுதினாள். அவள் செய்தது அவ்வளவே. அந்த முதல் பன்னிரண்டு பக்கங்களிலும் அவள் இதையேதான் செய்திருக்கிறாள். அங்கே அது பலித்தது. 23-ம் 45-ம் கூட்டும்போது, அவை இருபதும் நாற்பதும் கொண்ட எண்கள் என்று அவள் அறிய வேண்டிய அவசியமே நேரவில்லை. ஒரு கோட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு சின்னக் கணக்குகள் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். சரியான விடையே அறியாமைக்குத் திரையாக நின்றுவிட்டது.

சோதித்துப் பார்க்க விரும்பி, 23 என்று எழுதி, அதிலுள்ள 2-ஐச் சுட்டி, “இது எத்தனை?” என்று கேட்டோம். “இரண்டு” என்றாள். அத்தனை புளியங்கொட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னோம். இரண்டை வைத்தாள். 3-க்கு மூன்றை வைத்தாள். ஆக ஐந்து கொட்டைகள். “இருபத்துமூன்று இருக்கிறதா?” என்றோம். குழந்தை நம்மைப் பார்த்தாள், கொட்டைகளைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. வாசகர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கும் குழந்தையும் சில சமயம் திகைத்து நிற்கக் காணலாம்.

ஆகையால், பத்துக்கு மேற்படாத எளிய கணக்குகளை வாரக்கணக்கில் போட்டுப் பழகிவிட்டுப் பிறகு கடினமானதற்குப் போவது என்ற சம்பிரதாயத்தில் நமக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. தமிழ்ப் பாடநூல்களில் இந்த இரண்டாவது வகைக்கு ‘இனமாற்றத்துடன் கூட்டல்’ என்று பெயர். குழந்தையின் வாய்க்குச் சற்றுப் பெரிய சொல்தான். ஆனாலும் பொருள் நிறைந்த சொல். ஒன்றுகள் பத்துச் சேர்ந்தால், அவை ஒன்றுகளின் இனத்தை விட்டுப் பத்தின் இனத்துக்குப் போய்விடுகின்றன.

இந்தப் பொருளைச் சொல்லாமல் வீடுகளில் நாம் என்ன சொல்லுகிறோம்? அன்று மாலை தாயார் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தாள். “ஏழும் அஞ்சும் பன்னிரண்டு. ரெண்டைப் போடு; கையில் ஒன்று.” குழந்தை தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை! “அதை மேலே போடு” என்றாள் தாயார். “எதுக்கும்மா?” “அப்படித்தான் போடணும்.” குழந்தை கீழ்ப்படிந்தாள். அதற்குப் பிறகு எல்லாக் கணக்கின் தலையிலும் ஓர் ஒன்றைப் போடத் தொடங்கிவிட்டாள். சரியாக இருந்த 23-ம் 45-ம் இப்போது 78 ஆயின. காரணம் தெரியாமல் கற்ற விதிக்கு, எங்கே நிற்கவேண்டும் என்பதும் தெரிவதில்லை.

மறு நாள் காலையில் தென்னந் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவினோம். (இது பற்றி அடுக்களையிலிருந்து எழுந்த ஆட்சேபணைகளை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.) பத்துப் பத்தாக எண்ணி நூலால் கட்டுவது குழந்தையின் வேலை. 27 என்றால் இரண்டு கட்டும் ஏழு உதிரிக் குச்சிகளும். 35 என்றால் மூன்று கட்டும் ஐந்து உதிரியும். எழுதுவதற்கு முன்னால், “எல்லாம் சேர்ந்து ஐந்நூறு தேறுமா?” என்று கேட்டோம். அவள் கலகலவென்று சிரித்தாள். தன் 512-ஐ வேறொருவர் அடிக்காமல் தானே அடித்துவிட்டாள். பிறகு பன்னிரண்டு உதிரிக் குச்சிகளையும் பார்த்துக்கொண்டிருந்தவள், யாரும் சொல்லாமலே, “இன்னொரு கட்டுக் கட்டலாமே!” என்று நூலைக் கேட்டாள். ஆறு கட்டு, இரண்டு குச்சி. “கையில் ஒன்று” என்பது அந்தப் புதுக் கட்டுத்தான் என்றோம். இப்போது அது மெய்யாகவே அவள் கையில் இருந்தது.

நமது தாய்மொழி இதற்குப் பேருதவி செய்கிறது. பள்ளியில் அவள் எண்களை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகியிருந்தாள். ‘லெவன்’, ‘டுவெல்வ்’ என்ற ஒலிகளில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று குழந்தையால் கண்டுபிடிக்க முடியுமா? ‘பதினொன்று’ என்றால் பத்து வாசலிலேயே நிற்கிறது. ‘முப்பத்தைந்து’ என்றால் மூன்று பத்தும் ஐந்தும் என்று சொல்லே கணக்குப் போட்டுவிடுகிறது. இதை அறிந்ததும் அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிப் பத்தைத் தேடி மகிழ்ந்தாள். தொண்ணூறில் வந்ததும், “இதிலே ஏன் நூறு வருது, தாத்தா?” என்றாள். அது இலக்கண வித்துவான்கள் நெடுங்காலமாக வாதாடும் விஷயம். இரண்டாம் வகுப்புக்கு வேண்டாம் என்று நழுவிவிட்டோம்.

பழைய தமிழ் எழுத்து முறையிலும் பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனிக் குறிகள் உண்டு. இருபத்தேழு ௨௰௭, முப்பத்தைந்து ௩௰௫. இப்படி எழுதிக் கூட்டுகிறவன் 512 என்ற விடைக்குப் போக வழியே இல்லை. பத்தின் குறி குறுக்கே நின்று தடுக்கும். பூஜ்யத்தையும் இடமதிப்பையும் கொண்டு, ஒன்பது இலக்கங்களால் எத்தனை பெரிய எண்ணையும் எழுதும் முறை பாரத நாடு உலகத்துக்கு அளித்த பெருங்கொடை, கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர் பூஜ்யத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் வகுத்துவிட்டார். ஆனால் அந்த முறையில் ‘நான் பத்து’ என்று குறி சொல்லுவதில்லை. இடந்தான் சொல்ல வேண்டும். இடமோ ஊமை! அதன் பாஷை குழந்தைக்குப் புரியக் கையும் கண்ணும் துணை வேண்டும்.

1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து, 1946 வரை இந்தியாவில் தங்கிப் பல ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையார் இதற்காகவே மணிகளை வகுத்திருக்கிறார். தனி மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனம் ஆயிரம். அந்தக் கனத்தைக் குழந்தை இரு கைகளாலும் தூக்கிப் பார்க்கும்போது, ஆயிரம் என்பது எழுத்தாக இல்லாமல் பாரமாகத் தெரிகிறது. விலை கொடுத்து வாங்க இயலாத வீடுகளில் துடைப்பம் இருக்கவே இருக்கிறது.

386-ம் 247-ம் கூட்ட வேண்டி வந்தபோது நமது துடைப்பமும் தோற்றது. நூறு ரூபாய் நோட்டு, பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய் நாணயம் இவற்றைக் காகிதத்தில் வெட்டிச் செய்துகொண்டோம். நாம் வங்கிக்காரர். ஒன்பது நாணயம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவோம். பத்துக் கொண்டுவந்தால் ஒரு நோட்டுக் கொடுப்போம். பதின்மூன்று நாணயத்தில் பத்து நோட்டாக மாறிற்று, எட்டும் நான்கும் அந்த ஒன்றும் சேர்ந்து பதின்மூன்று நோட்டுகள் ஆக, அவற்றில் பத்து, நூறு ரூபாய் நோட்டாக மாறின, 633. ஒரே வித்தை இரண்டு முறை நடப்பதைக் கண்டு அவள், “ஆயிரத்துக்கும் இப்படித்தானா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டாள்.

இதற்குள் அவள் இடப்புறத்திலிருந்து கூட்டத் தொடங்கியிருந்தாள். இருபதும் முப்பதும் ஐம்பது, ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, ஆக 62 என்பாள். 98-ம் 45-ம் கேட்டால், 45-லிருந்து இரண்டை எடுத்து 98-ஐ நூறாக்கி 143 என்பாள். கடைக்காரர் மனத்தால் போடுவதும் இப்படித்தான். தாயாருக்குக் கவலை பிறந்தது. “பள்ளியில் வலப்பக்கத்திலிருந்துதான் போடணும் என்பார்கள், சித்தப்பா, இல்லாவிட்டால் தப்பு என்று அடித்துவிடுவார்கள்” என்றாள். வலப்புறத்திலிருந்து தொடங்குவதிலும் நியாயம் இல்லாமலில்லை: இடப்புறம் முதலில் 5 என்று எழுதிவிட்டால், பிறகு அழித்து 6 ஆக்க நேரும். இந்தக் காரணத்தைக் குழந்தையிடமே சொன்னோம். காகிதத்தில் வலத்திலிருந்து, மனத்தில் இஷ்டம்போல் என்று சமாதானம் ஏற்பட்டது.

நமது தாயாரின் பழைய வரவு செலவு நோட்டு ஒன்று பெட்டியில் கிடந்தது. 1957 ஏப்ரல் முதல் தேதி புதிய நாணயம் வருமுன் எழுதியது. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். 3 ரூபாய் 12 அணா 9 பையையும், 2 ரூபாய் 7 அணா 8 பையையும் கூட்டவேண்டும். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அந்த அம்மாள், ஒரே கணக்கில் பன்னிரண்டில் ஒரு முறையும் பதினாறில் ஒரு முறையும் கட்டுக் கட்டியிருக்கிறார். குழந்தை நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். பதினேழு பை, ஓர் அணா போக ஐந்து. இருபது அணா, ஒரு ரூபாய் போக நான்கு. “ஆறு ரூபாய், நாலு அணா, அஞ்சு பை” என்று கூவினாள். தாயார் அந்தக் கணக்கை எழுதிப் பார்த்தாள். பிறகு குழந்தையிடமே, “எப்படி, எனக்குச் சொல்லு” என்று கேட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

ஊருக்குப் புறப்படுமுன் கழித்தல் ஆரம்பமாயிற்று. 62-ல் 35 போக என்ன என்றதும், “பக்கத்து வீட்டில் கடன் வாங்கணும், எப்போ திருப்பித் தருவது?” என்று கேட்டாள். கடனே இல்லை, ஒரு கட்டை அவிழ்த்தால் தீர்ந்தது என்றோம். அவிழ்க்க உட்கார்ந்தால், கட்டும்போது உற்சாகத்தில் அவள் போட்டிருந்த முடிச்சு லேசில் அவிழ்வதாக இல்லை. கடைசியில் கத்தரிக்கோல் வேண்டியிருந்தது. இந்த முறையை வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள், தொடக்கத்திலேயே குழந்தைகளுக்குச் சுருக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்துவிடுவது நலம்.